வெள்ளைக்கல் பஸ்ஸும் பொன்னம்மா பாட்டும்

வெள்ளைக்கல் டிவிஷனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு நன்மைகள் செய்ய அரசாங்கம் முன்வந்தது. ஒன்றோடு நிறுத்தியிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

முதல் நன்மை பஸ். கட்டபெட்டு மெயின் ரோட்டிலிருந்து தேயிலைக்குள் நாலு கிலோமீட்டர் ஏறினால் வெள்ளைக்கல் வரும். லயம் என்று சொல்லும் தொழிலாளர் லைன் வீடுகள் ரெண்டு வரிசை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பெட்டிக்கடை, அவ்வளவுதான் ஊர். அங்கே பஸ் விடுவதைப் பற்றி மேலிடத்தில் ஒரு தலைமுறைக் காலம் நிதானமாக யோசித்து, விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். சோதனை ஓட்டம் முடிந்தது. டிரைவருக்கு மாலை போட்டார்கள், பஸ்ஸுக்கும் போட்டார்கள். கண்டக்டர் ரமேஷ் தன் கழுத்து வெறுமையாக இருப்பதைச் சுட்டிக்காட்டி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான். ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு பஸ் என்று போர்டும் நட்டாயிற்று.

ஊரில் இதற்காக மிக அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் ஜீவிதா. நர்ஸ் படிப்புப் படித்தவள். கோத்தகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, மூன்று மாதம் போனாள். வழியில் காட்டெருமை நின்றால், அது நகரும் வரைக்கும் இவளும் நிற்க வேண்டும். அதற்கு எப்போது அவசரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. "காட்டெருமையை எல்லாம் லேட் அட்டெண்டன்ஸில் காரணமாகப் போட முடியாதும்மா" என்று சொல்லி ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். பஸ் வருகிறது என்று போய்ச் சொன்னதும், நேரத்துக்கு வருவதானால் ஒன்றாம் தேதி சேர்ந்துகொள் என்றார்கள். ஜீவிதா வெள்ளை ஷூவைத் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டாள்.

இரண்டாவது நன்மை அவளுடைய அம்மா தெய்வம்மாவைத் தேடி வந்தது.

தெய்வம்மா சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவள். வெள்ளைக்கல்லில் கொழுந்து எடுத்தே காலம் போனது. கை கொழுந்து எடுக்கும், வாய் யாரையாவது பாட்டிலேயே வையும். துரை, கணக்கப்பிள்ளை, ரேஷன் கடைக்காரர் என்று அவள் பாட்டில் மாட்டாதவர்கள் கிடையாது. வார்த்தை தெய்வம்மாவுடையது, ராகம் பக்கத்து வீட்டு இசக்கியம்மாவுடையது. இசக்கியம்மா திருநெல்வேலிக்காரி. எந்த அடியானாலும் "பொன்னம்மா" என்று முடிந்தால்தான் தனக்கு ராகம் வரும் என்று சாதித்துவிட்டவள். அந்தப் பொன்னம்மா யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவர்களுடைய பாட்டுகளில் மலை முழுக்கப் பரவியது பஸ் பாட்டுதான்.

கப்பலுல ஏத்திவிட்டான் பொன்னம்மா – பெறகு
ரயிலுலயும் ஏத்திவிட்டான் பொன்னம்மா
லாரியுல ஏத்திவிட்டான் பொன்னம்மா – மல
ஏற மட்டும் காலக் குடுத்தான் பொன்னம்மா

பஸ்ஸு வரும்னு சொன்ன ஆளு பொன்னம்மா – அவன்
பல்லு கொட்டிப் போயிருச்சு பொன்னம்மா

இந்தப் பாட்டைக் காப்பாற்றத்தான் ஊட்டியிலிருந்து ஜீப் வந்தது. இறங்கியவர் மலைநாட்டு மண்ணிசை மரபுப் பாதுகாப்பு மையத்தின் சிறப்பு அலுவலர் சபாபதி. சொந்த ஊர் பொள்ளாச்சி. மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து கோட்டைக் கழற்றாதவர். கூடவே மையத்தின் ஆலோசகர் சஞ்சய். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, திடீரென்று வேர்களைத் தேடக் கிளம்பிய இளைஞன். தாடி, கழுத்தில் கொட்டை மாலை, கையில் ஒரு ரெக்கார்டர். ஊரில் எல்லோரும் செருப்புப் போட்டிருந்தார்கள். அவன் மட்டும் மண்ணின் தொடர்பு வேண்டும் என்று வெறுங்காலில் இறங்கி, அட்டைக்கடி வாங்கினான்.

பாட்டைக் கேட்டதும் சஞ்சய் கண்ணை மூடிக்கொண்டான். "எவ்ளோ ரா! அப்படியே பச்சையா, எவ்ளோ வலி!" என்றான்.

"அட்டையா தம்பி? சுண்ணாம்பு வையி" என்றாள் இசக்கியம்மா.

சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, இருவருக்கும் 'மண்ணிசை முன்னோடி' என்ற விருது வழங்க மையம் உவகையுடன் முன்வந்திருப்பதாகவும், இப்பாடல் காலமுள்ளவரை பாதுகாக்கப்படும் என்றும் அறிவித்தார். பிறகு சாதாரணக் குரலில், "இப்பவும் இதைப் பாடறீங்கல்லங்க?" என்று கேட்டார்.

இசக்கியம்மா உள்ளதைச் சொன்னாள். "இனும எங்க பாட? அதான் பஸ்ஸு வருதுல்லா."

சபாபதியின் முகம் மாறிவிட்டது.

"பஸ் வருதுங்களா? யாரைக் கேட்டு?"

அன்று சாயங்காலமே ஊட்டியிலிருந்து கடிதம் பறந்தது. பஸ் இல்லாமையே மேற்படி பாடலின் வாழ்வியல் சூழல் என்பதாலும், பஸ் விடப்பட்டால் அச்சூழலுக்கு ஈடு செய்ய இயலாத ஊறு நேரும் என்பதாலும், பஸ்ஸை மறு உத்தரவு வரை நிறுத்திவைக்கக் கோரும் கடிதம். பஸ் விடுவதற்கு ஒரு தலைமுறை எடுத்துக்கொண்ட அதே அலுவலகம், விடாமல் இருப்பதற்கு அரை நாள்தான் எடுத்துக்கொண்டது. ரமேஷே வந்து போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

தெய்வம்மா மகளைக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனாள். மையத்தில் சபாபதி எழுந்து நின்று வரவேற்றார். முன்னோடி அல்லவா? டீ வந்தது.

"ஐயா, எங்க பஸ்ஸ ஏன் நிப்பாட்டுனீங்க?"

"பாட்டைக் காப்பாத்தத்தானுங்க. புலி இருக்கோணும்னா காடு இருக்கோணுமுங்க. பாட்டு இருக்கோணும்னா குறை இருக்கோணும். குறையைத் தீர்த்துட்டா பாட்டு எங்கீங்க தங்கும்?"

"நான் செத்தாலும் அது தங்குமுங்க. ரெண்டு பிள்ளைங்க போனுல பாடி வச்சிருக்குது."

"அது வெறும் குரலுங்கம்மா. உணர்வு? நாலு கிலோமீட்டர் நடந்த காலுக்குத்தான் அந்த உணர்வு வரும்."

"சார், அது எங்க அம்மாவோட கால் இல்ல, என்னோட கால்" என்றாள் ஜீவிதா. "வேலைக்குப் போறது நான். நான் பாடறதே இல்லீங்க."

"அதுதான் எங்க கவலையே" என்றான் சஞ்சய் உருக்கமாக. "நெக்ஸ்ட் ஜெனரேஷன் பாடறது இல்ல. இன்னும் கொஞ்ச நாள் நடந்தீங்கன்னா தானா வரும் சிஸ்டர்."

தெய்வம்மா பேரம் பேசிப் பார்த்தாள். "சரிங்க, பஸ் பாட்ட விட்டுடுங்க. அதுக்குப் பதிலா வேற தாறேன். லயத்துக் கூரை ஒழுகுறதுக்கு ஒரு பாட்டு இருக்கு. லைட்டு எரியாததுக்கு ஒண்ணு இருக்கு. அதுங்களக் காப்பாத்துங்க."

சபாபதியின் கண்ணில் ஒளி வந்தது. சஞ்சய் ரெக்கார்டரைத் தட்டினான். இரண்டையும் பாட வைத்துக் கேட்டார்கள். அடுத்த வாரம் லைன் வீடுகளுக்குக் கூரை மாற்ற வந்த ஆட்கள் ஏணியோடு திரும்பிப் போனார்கள். தெருவிளக்குக்கு நட்ட கம்பம் பல்பு இல்லாமல் நின்றது.

ஊர் தெய்வம்மாவைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. "இன்னும் ஏதாச்சும் பாட்டு வச்சிருந்தா இப்பவே சொல்லிரு தாயி" என்றார் பெட்டிக்கடைக்காரர். "தண்ணி பைப்ப மூடி வச்சுக்கிறேன்."

வீட்டில் ஜீவிதா ஷூவை ஜன்னலிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் தெய்வம்மாவுக்குச் சமாதானமாக இருந்திருக்கும். அம்மாவின் வாய் வாங்கிக் கொடுத்தது விருது, மகளுக்குப் போனது வேலை. அன்று அடுப்பு பற்றவைக்கும்போது தெய்வம்மா பழக்கத்தில் ஏதோ முனக ஆரம்பித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதைப் பார்த்துத்தான் ஜீவிதாவுக்கு யோசனை வந்தது.

"அம்மா, பாட்டுல இருக்கறதத்தான அவுங்க காப்பாத்துவாங்க?"

"ஆமா, நாசமாப் போனவனுங்க."

"அப்ப பஸ் வர்ற மாதிரி ஒரு பாட்டுக் கட்டும்மா."

இசக்கியம்மாவைக் கூப்பிட்டார்கள். மூட்டுவலிக்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டு, "யாரையும் வையாம பாட்டா? நமக்கு அது வருமா தெய்வம்மா?" என்று சந்தேகப்பட்டாள். வரவில்லைதான். பஸ் சரியான நேரத்துக்கு வருகிறது என்று பாட ஆரம்பித்தால், இரண்டாவது அடியில் யாருடைய பல்லாவது கொட்டிவிடும். கட்டிக் கட்டிப் பிரித்து, கடைசியில் ஒருவழியாக முடித்தார்கள்.

எட்டு மணி பஸ்ஸு வருது பொன்னம்மா – அது
எல்லா நாளும் தவறாம பொன்னம்மா
சொட்டுத் தண்ணி ஒழுகாத பொன்னம்மா – கூர
சோடிச்ச வீடு நமக்கிருக்கு பொன்னம்மா
கம்பத்துல லைட்டெரியுது பொன்னம்மா – நம்ம
கண்ணு ரெண்டும் கூசுதடி பொன்னம்மா

"இது உங்க ரெண்டு பேருக்கும் முந்தைய பாட்டுங்களா?" என்று, தகவல் தெரிந்து சஞ்சயோடு தெய்வம்மா வீட்டுக்கு வந்திருந்த சபாபதி கேட்டார்.

"எங்க அம்மா பாடுனது" என்றாள் தெய்வம்மா. பொய் சொல்லும்போது அவள் மேலே பார்ப்பாள். மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

"அவங்க காலத்துல இங்க பஸ் ஓடுச்சுங்களா?"

"ஓடியிருக்கும் போல. இல்லாமலா பாடியிருப்பாக?" என்று முந்திக்கொண்டாள் இசக்கியம்மா.

சஞ்சய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. உலகத்தில் உழைக்கும் மக்களின் பாட்டெல்லாம் ஏக்கப் பாட்டு, இது ஒன்றுதான் நிறைவுப் பாட்டு, இந்த வகையில் இது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே கண்டுபிடித்தான். அருகிவரும் வகை என்று முத்திரை விழுந்தது. அதன் வாழ்வியல் சூழலை உடனே மீட்க வேண்டியதாயிற்று.

ஆனால் மையம் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட இடம். ஒரு பாட்டுக்குப் பஸ் வரக் கூடாது, இன்னொரு பாட்டுக்குப் பஸ் வராமல் இருக்கக் கூடாது. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட பாட்டுகள். இதை ஆராய சபாபதி தலைமையில் குழு கூடியது. சஞ்சய் உறுப்பினர். மூன்றாவது உறுப்பினர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்பதால் அவருடைய நாற்காலிக்கும் ஒரு டீ வைத்து, நடுநிலையோடு விவாதித்தார்கள். எந்தப் பாட்டுக்கும் குந்தகம் வராத ஒரு தீர்ப்பு கிடைத்தது.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு வெள்ளைக்கல்லுக்குப் பஸ் வந்தது. ஊரே கோயில் முன்னால் நின்றது. ஜீவிதா வெள்ளை ஷூ போட்டிருந்தாள். ஏறப் போனவளை ரமேஷ் படியில் நின்று கைநீட்டித் தடுத்தான்.

"ஏறாதீங்கக்கா. வர மட்டுந்தான் ஆர்டர்."

"என்னடா ரமேஷு சொல்ற?"

"ரெண்டாவது பாட்டுப்படி பஸ் தினமும் வரோணும். முத பாட்டுப்படி உங்கள பஸ்ஸுல யாரும் ஏத்தக் கூடாது. ரெண்டு பாட்டையும் காப்பாத்தோணுமில்லக்கா? வெளியூர் ஆளுங்க ஏறலாம், அவுங்களப் பத்திப் பாட்டுல ஒண்ணும் இல்ல." ரமேஷுக்கே வெட்கமாக இருந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு விசில் அடித்தான். பஸ் காலியாக இறங்கிப் போனது.

கூரைக்கும் அதே நியாயம்தான். ஒற்றைப்படை வீடுகள் ஒழுகுவதற்கு விடப்பட்டன, இரட்டைப்படை வீடுகளுக்குப் புதுக் கூரை வந்தது. தெய்வம்மா வீடு ஒழுகும் பக்கம், இசக்கியம்மா வீடு ஒழுகாத பக்கம். இதனால் நாற்பது வருட சிநேகிதத்தில் மூன்று நாள் பேச்சு நின்றது. தெருவிளக்கு இரண்டு பாட்டுக்கும் பொதுவாகப் பகலில் எரிந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு ஜீவிதா மீண்டும் பஸ்ஸுக்கு வந்தாள். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு பை. பஸ்ஸைப் பார்த்து "வாவ்" என்றாள். அதன் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

ரமேஷ் ஒரு நிமிடம் பார்த்தான். "எந்த ஊரு மேடம்?"

"பெங்களூர்."

"ஏறுங்க மேடம். ஜன்னல் சீட்டு இருக்கு, வியூ நல்லாருக்கும்."

இப்படியாக ஜீவிதா ஒரு நாள் தள்ளி வேலையில் சேர்ந்தாள். இசக்கியம்மாவும் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு முட்டிக்கு மருந்து வாங்கக் கிளம்பினாள். ஆனால் படி உயரமாக இருந்ததால், "ஏலே ரமேஷு, கையக் குடுலே, முட்டி மடங்கல" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கென்று மையத்தின் ஆள் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவளை மரியாதையாக இறக்கிவிட்டார்கள்.

அந்தக் கோபம்தான் அவளையும் தெய்வம்மாவையும் மறுபடி சேர்த்துவைத்தது. விருது விழா வெள்ளைக்கல்லிலேயே நடந்தது. பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. தொப்பியும் கண்ணாடியுமாக வந்த ஜீவிதாவை வெளியூர்க்காரி என்று நினைத்து முன்வரிசையில் உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். முன்னோடிகள் இருவரும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று சபாபதி கேட்டுக்கொண்டார். தெய்வம்மா இசக்கியம்மாவைப் பார்த்தாள். இசக்கியம்மா ராகத்தை எடுத்துக் கொடுத்தாள். இந்த முறை எந்த அடியையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கவில்லை.

கோட்டுப் போட்ட சபாபதி பொன்னம்மா – நம்ம
பாட்டப் பூட்டி வச்சுக்கிட்டார் பொன்னம்மா
ஊட்டியில குந்திக்கிட்டு பொன்னம்மா – நமக்கு
வேட்டு வச்சுப் பாக்குறாரு பொன்னம்மா

பந்தல் அதிர்ந்தது. ஊர் ஜனம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. எல்லோரையும் விட அதிகமாகக் கைதட்டியவர் சபாபதி. அவரைப் பற்றி இதுவரை யாரும் பாட்டுக் கட்டியதில்லை, அலுவலகத்தில் பிறந்தநாள் வாழ்த்துக்கூடப் பாடியதில்லை. அந்த நெகிழ்ச்சியிலேயே மேடையில் அறிவித்துவிட்டார், இப்பாடல் இந்த நிமிடத்திலிருந்து பாதுகாக்கப்பட்ட பாடல் என்று. எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து அவருக்குப் பொள்ளாச்சிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மூன்று வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பெட்டி கட்ட ஆரம்பித்தார். கோட்டை மடித்து வைக்கும்போது சஞ்சய் வந்து நின்றான்.

"சார், போக முடியாது சார். 'ஊட்டியில குந்திக்கிட்டு'ன்னு இருக்கு. நீங்க போயிட்டா பாட்டோட வாழ்வியல் சூழல் என்னாகும்?"

சபாபதி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். விதிவிலக்குக் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதை முடிவு செய்யும் அதிகாரம் பெற்றவர் சிறப்பு அலுவலர். எனவே அவரே அதை வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து, பரிவுடன் பரிசீலித்து, வருத்தத்துடன் நிராகரித்தார்.

மறுநாள் சாயங்காலம் வெள்ளைக்கல்லுக்கு வந்தார், சொந்த விஷயம் என்பதால் ஜீப் இல்லாமல். எட்டு மணிக்கு மட்டும்தான் பஸ் என்பதால், நாலு கிலோமீட்டர் நடந்தே ஏறியிருந்தார். பின்னாலேயே சஞ்சயும் வந்தான். இப்போது ஷூ போட்டிருந்தான். இசக்கியம்மா வீட்டு வாசலில் சபாபதி பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, அந்தப் பாட்டுல ஒரே ஒரு அடியை மாத்திருங்க. 'ஊட்டி'ங்கறதை 'பொள்ளாச்சி'ன்னு போட்டாப் போதும்."

"மாத்தலாமாங்க? நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க, ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு" என்றாள் தெய்வம்மா. அவளுக்கே பாவமாகத்தான் இருந்தது. வேலை முடிந்து தொப்பியும் கண்ணாடியுமாக நடந்து ஏறி வந்த ஜீவிதா, அவருக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சபாபதி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாரிடமும் என்றில்லாமல் புலம்பினார்.

"ஊடு இருக்குது பொள்ளாச்சியில… ஒடம்பு நடுங்குது ஊட்டியில…"

இசக்கியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏ தெய்வம்மா, கேட்டியா? அப்படியே உக்காருதுல்லா! ஊடு இருக்குது பொள்ளாச்சியில பொன்னம்மா, ஒடம்பு நடுங்குது ஊட்டியில பொன்னம்மா…"

"நல்லா வந்திருக்கு ஐயா" என்றாள் தெய்வம்மா மனதார. "அடுத்த அடி?"

சபாபதி டம்ளரைக் கீழே வைத்தார். ராகம் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தன்னை மறந்து எடுத்துக் கொடுத்தார்.

"போட்ட கையெழுத்தே என்னப் பூட்டிப் போட்டுச்சே பொன்னம்மா!"

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். சஞ்சய் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கையில் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"டேய், அதை அணைடா!" என்று கத்தினார் சபாபதி.

"எவ்ளோ ரா சார்" என்றான் சஞ்சய்.